தேடும் சொல்லும் புறப்படும் நாளும்

சென்ற மாதச் சங்கக் கூட்டம் முடிந்து காபி அருந்திக்கொண்டிருந்தபோது, நம் வட்டாரத்து மருத்துவமனை ஒன்றில் செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற அம்மையார் ஒரு செய்தி சொன்னார். ஒரு வருடம், தீவிர சிகிச்சைப் பிரிவில் மட்டும் ஒரே மாதத்தில் நான்கு செவிலியர்கள் வேலையை விட்டுவிட்டார்களாம். நான்கு பேரும் வெளிநாடு. மீதியிருந்தவர்களை வைத்து இரவுப் பணியை ஓட்ட அவர் பட்ட பாடு பெரும்பாடு.

"ராஜினாமாக் கடிதம் கைக்கு வந்த அன்னைக்குத்தான் சார் எனக்குத் தெரியும். ஆனா அந்தப் பிள்ளைங்க ரெண்டு வருஷமாப் படிச்சிட்டு இருந்திருக்காங்க. நைட் டியூட்டியில புத்தகமும் செல்லுமா உட்கார்ந்திருக்கும்போது நானே பார்த்திருக்கேன். ஏதோ மேல்படிப்புன்னு நினைச்சுக்கிட்டேன்" என்றார் அவர்.

புறப்படுகிறவருக்கு இரண்டு ஆண்டு முன்னரே தெரிந்த செய்தி, மருத்துவமனைக்கு முப்பது நாள் முன்னர்தான் தெரிகிறது. நோயாளிக்கோ, அழைப்பு மணியை அடித்தும் யாரும் வராதபோதுதான் தெரிகிறது. இந்த இரண்டு ஆண்டு இடைவெளியில் எங்காவது ஒரு தடயம் விழாதா? விழுகிறது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள். இப்போது எவரும் முதலில் கேட்பது பக்கத்து வீட்டுக்காரரையோ ஏஜெண்டையோ அல்ல, இணையத் தேடுபொறியை. அங்கே தட்டிய சொற்களைக் கூட்டிப் பார்த்து, நாளைக்கு எத்தனை பேர் போவார்கள் என்று சொல்ல முடியுமா என்பதே இக்கட்டுரைப் பாடம். கணக்கு என்றால் அஞ்சுபவர்களும் அஞ்சாமல் படிக்கலாம். பெருக்கல், வகுத்தல் தாண்டி எதுவும் இல்லை.

எண்ணப்படாத புறப்பாடு

முதலில் ஒரு கேள்வி. தேடற் சொற்களை ஏன் துழாவ வேண்டும்? போகிறவர்களை நேரே எண்ணிவிடக் கூடாதா?

நம் நாட்டில் அந்த எண்ணிக்கை எளிதில் கிடைப்பதில்லை. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டத்தின்படி, குறிப்பிட்ட சில நாடுகளுக்கு வேலைக்குப் போகும்போது அனுமதி பெற வேண்டியவர்கள் பெரும்பாலும் பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள். அவர்களுடைய கணக்கு அரசிடம் உண்டு. பட்டமோ பட்டயமோ பெற்ற செவிலியர் அந்த வலையில் சிக்குவதில்லை. 2015இல் ஒரு மாற்றம் வந்தது. வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செல்லும் செவிலியரை அரசு சார்ந்த முகமைகள் வழியாகவே எடுக்க வேண்டும் என்று மத்திய அரசு விதித்தது. கேரளத்தின் நார்க்கா, ஓடெபெக், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் முதலியவை அவ்வகையைச் சேர்ந்தவை. இங்கிலாந்து, அமெரிக்கா, ஜெர்மனி, ஆஸ்திரேலியா அந்த 18இல் இல்லை. ஆகவே அங்கே போகிறவர் விமான நிலையத்தில் மற்றொரு பயணி, அவ்வளவே.

மாநிலச் செவிலியர் குழுமத்தின் பதிவேடு இருக்கிறதே என்பீர்கள். நெடுங்காலம் அந்தப் பதிவேடுகளில் ஏறிய பெயர் இறங்கியதில்லை. ஓய்வு பெற்றவர், திருமணத்துக்குப்பின் வேலையை விட்டவர், துபாயில் இருப்பவர், ஏன், காலமானவர்கூட அதில் பணியாளரே. இதைச் சரிசெய்யவே இந்தியச் செவிலியர் குழுமம் தனி அடையாள எண்ணோடு புதிய பதிவு முறையைக் கொண்டுவந்தது.

நம் பகுதிக்கு இது சிறு விஷயமன்று. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1946இலேயே செவிலியர் பட்டப்படிப்பு தொடங்கிவிட்டது. அதன் வளாகம் ஒன்று இப்போது நம் குடிபாலா மண்டலத்திலேயே இருக்கிறது. திருப்பதியில் 1960இல் வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரி, 1993இல் தேவஸ்தானத்தின் ஸ்விம்ஸ், குப்பத்தில் ஒரு மருத்துவக் கல்லூரி, சித்தூரில் ஒன்று. சித்தூரை அடுத்த அரகொண்டாவில் பிறந்து, அமெரிக்காவில் மருத்துவராக இருந்து திரும்பிய பிரதாப் ரெட்டி, 1983இல் சென்னையில் அப்பல்லோவைத் தொடங்கியதும், 2000ஆம் ஆண்டு மார்ச் மாதம் அதே அரகொண்டாவில் தொலைமருத்துவ மையம் அமெரிக்க அதிபர் கிளிண்டனால் தொடங்கிவைக்கப்பட்டதும் பலருக்கு நினைவிருக்கும். போனவர் ஒருவர் திரும்பி வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாவட்டமே சாட்சி. ஆனால் போனவர் எத்தனை பேர் என்று எந்தப் பெட்டியிலும் கணக்கு இல்லை.

படம் எதைக் காட்டுகிறது?

கூகுள் நிறுவனம் 'டிரெண்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு வசதியை இலவசமாக வைத்திருக்கிறது. ஒரு சொல்லைக் கொடுத்தால், 2004 ஜனவரி முதல் இன்றுவரை அச்சொல் எவ்வளவு தேடப்பட்டது என்று ஒரு கோட்டுப் படம் வரும். நாடு, மாநிலம் எனப் பிரித்தும் பார்க்கலாம். பார்க்க மிக எளிது. ஏமாறுவது அதைவிட எளிது.

அந்தப் படத்தில் 100 என்றிருந்தால் நூறு பேர் தேடினார்கள் என்று பொருளல்ல. நீங்கள் எடுத்துக்கொண்ட காலத்தில் அச்சொல்லுக்கு மிக உச்சமான பங்கு எப்போது இருந்ததோ அதற்கு 100 என்று பெயர். மற்றவை அதனோடு ஒப்பிட்ட அளவுகள். பங்கு என்றேன், கவனியுங்கள். மொத்தத் தேடல்களில் இச்சொல்லின் பங்கு என்ன என்பதே அங்கு அளக்கப்படுகிறது.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் ஊரில் 2015இல் ஒரு வாரத்துக்கு 1,00,000 தேடல்கள் நடந்தன என்க. அவற்றுள் 200 பேர் 'என்கிளெக்ஸ்' என்று தேடினார்கள். அமெரிக்காவில் செவிலியராகப் பணியாற்ற எழுத வேண்டிய உரிமத் தேர்வின் பெயர் அது. பங்கு ஆயிரத்துக்கு 2. பிறகு 2016 செப்டம்பரில் ஜியோ வந்தது, இணையம் மலிவாயிற்று. மாடு மேய்ப்பவர் கையிலும் செல்பேசி, அதில் சினிமாப் பாட்டு. 2018இல் அதே ஊரில் வாரத்துக்கு 4,00,000 தேடல்கள் என்று வைத்துக்கொள்வோம். என்கிளெக்ஸ் தேடியவர் 400. பங்கு ஆயிரத்துக்கு 1. படத்தில் கோடு பாதியாக இறங்கியிருக்கும். உண்மையில் தேடியவர் எண்ணிக்கை இருமடங்கு ஆகியிருக்கிறது! 'வெளிநாட்டு மோகம் குறைந்துவிட்டது' என்று எவரேனும் தலையங்கம் எழுதினால் அது இந்தக் கோட்டைத் தவறாகப் படித்ததன் விளைவு.

வேறு சில பொடி வைப்புகளும் உண்டு. படம் முழுத் தேடல்களிலிருந்து அல்ல, ஒரு மாதிரியிலிருந்து வரையப்படுகிறது. அதனால் இன்று எடுத்த எண்ணும் அடுத்த வாரம் எடுத்த எண்ணும் சற்று வேறுபடும். பலமுறை எடுத்துச் சராசரி காண்பதே முறை. தேடல் குறைவாக உள்ள ஊர்களுக்குப் படம் சுழியைக் காட்டும். அது 'யாரும் தேடவில்லை' என்பதன்று, 'காட்டும் அளவுக்கு இல்லை' என்பதே. 2011, 2016, 2022 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் கூகுள் தன் கணக்கெடுப்பு முறையை மாற்றியிருக்கிறது. படத்திலேயே அக்குறிப்பு இருக்கும். அந்த இடங்களில் கோடு துள்ளினால் அது மக்கள் மனத்தின் துள்ளல் ஆகாது.

நம்பிக்கை தந்த ஆய்வும் நம்பிக்கை கெடுத்த காய்ச்சலும்

மார்கஸ் பேமே, ஆந்த்ரே குரோகர், டோபியாஸ் ஸ்டோர் என்ற மூன்று பொருளியலார் 2020இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடியேற்றம், விசா, வேலை, சம்பளம் போன்ற பொருளுள்ள சொற்களை ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம் ஆகிய மூன்று மொழிகளில் தொகுத்து, பல நாடுகளில் அவை தேடப்பட்ட அளவை எடுத்துக்கொண்டனர். பிறகு அந்நாடுகளிலிருந்து வளர்ந்த நாடுகளுக்குச் சென்றவர்களின் உண்மைக் கணக்கோடு ஒப்பிட்டனர். வருமானம், மக்கள்தொகை ஆகியவற்றை மட்டும் கொண்டு செய்யும் பழைய முன்கணிப்பைவிட, தேடற் சொற்களையும் சேர்த்தால் கணிப்பு கணிசமாகச் செம்மைப்படுகிறது என்று கண்டனர். தேடுகிறவர்கள் மெய்யாகவே போக எண்ணுகிறவர்களா என்பதையும் கருத்துக்கணிப்புத் தரவோடு சரிபார்த்தனர்.

அது எல்லாத் தொழிலாருக்கும் பொதுவான ஆய்வு. செவிலியருக்கு மட்டும் என்று சுருக்கினால் என்ன ஆகும்? இங்கே ஒரு தொல்லையும் ஓர் அனுகூலமும் சேர்ந்தே வருகின்றன. கூட்டம் சிறியது, ஆகவே குரல் மெல்லியது. ஆனால் அந்தக் கூட்டத்துக்கென்று தனிச்சொற்கள் உண்டு. 'வெளிநாட்டு வேலை' என்று கொத்தனாரும் தேடுவார், கணிப்பொறிப் பொறியாளரும் தேடுவார். 'என்கிளெக்ஸ்' என்று செவிலியர் அல்லாத எவர் தேடப்போகிறார்? (அவருடைய தகப்பனாரும், தேர்வுப் பயிற்சி மையம் நடத்துபவரும் தேடக்கூடும். அவர்களை மன்னித்துவிடலாம்.) மருத்துவர்களுக்கு இங்கிலாந்தின் 'பிளாப்', அமெரிக்காவின் 'யு.எஸ்.எம்.எல்.இ.' என்ற தேர்வுப் பெயர்கள் அப்படிப்பட்டவை. 'ஐ.ஈ.எல்.டி.எஸ்.' என்ற ஆங்கிலத் தேர்வின் பெயர் அப்படியல்ல. கனடாவுக்குப் படிக்கப் போகும் மாணவனும் அதையே தட்டுவான்.

இப்போது காய்ச்சல் கதை. 2008இல் கூகுள், காய்ச்சல் தொடர்பான தேடல்களைக் கொண்டு அமெரிக்காவில் ஃப்ளூ எவ்வளவு பரவியுள்ளது என்று சொல்லும் ஒரு கணிப்பைத் தொடங்கியது. அரசின் நோய்த்தடுப்பு மையம் சொல்வதற்கு ஒன்றிரண்டு வாரம் முன்னதாகவே அது சொன்னது. உலகமே வியந்தது. 2012-13 குளிர்காலத்திலோ அது சொன்ன அளவு, மருத்துவரிடம் உண்மையில் வந்தவர்களின் அளவைப்போல் இருமடங்குக்கு மேல் போய்விட்டது. செய்தியில் ஃப்ளூ ஃப்ளூ என்று அலறினால் காய்ச்சல் இல்லாதவனும் தேடத்தானே செய்வான் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. 2015இல் அந்தக் கணிப்பை நிறுத்திவிட்டார்கள்.

நமக்கும் அது பொருந்தும். 2014 ஜூலையில் ஈராக்கின் திக்ரித் நகரில் சிக்கியிருந்த 46 இந்தியச் செவிலியர் மீட்கப்பட்டு வந்தனர். பெரும்பாலோர் கேரளத்தவர். அந்த நாட்களில் 'ஈராக் நர்ஸ்' என்று தேடியவர்கள் ஈராக்குக்குப் போக விரும்பியவர்களா? வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்த உறவினர்கள், ஊரார், செய்தி பார்ப்பவர்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்கும் இயந்திரத்துக்கு ஆசையும் அச்சமும் ஒன்றுபோலவே தெரியும்.

எந்தச் சித்தூர்?

நம் இடத்துக்கு வருவோம். சித்தூர், திருப்பதி என்று வைத்துக் கணக்கிட முனைந்தால் முதல் தடை எல்லைதான். 2014 ஜூன் 2க்கு முந்தைய ஆந்திரம் வேறு, பிந்தைய ஆந்திரம் வேறு. சித்தூர் மாவட்டமும் 2022 ஏப்ரலில் பிரிந்து, திருப்பதி தனி மாவட்டமாகவும், மதனப்பள்ளிப் பக்கம் அன்னமய்யா மாவட்டமாகவும் போயிற்று. பத்தாண்டுக் கோட்டை வரையும்போது காலடியில் நிலம் நகர்ந்துகொண்டே இருக்கிறது.

இரண்டாவது, ஆள் எங்கே என்பது. நகரியில் பிறந்த பெண், திருப்பதியில் படித்து, வேலூரிலோ சென்னையிலோ வேலை பார்க்கிறாள். தேடல் அவள் செல்பேசி இருக்கும் இடத்தில் பதிவாகும். உரிமம் அவள் பதிந்த மாநிலத்தில் இருக்கும். குடும்ப அட்டையில் பெயர் நகரியில் நிற்கும். ஆக அவள் ஒருத்தி, மூன்று இடத்துக் கணக்கு. நம்மூர் மருத்துவமனை இழக்கப்போவது நம்மூரில் பிறந்தவரை அல்ல, நம்மூரில் வேலை செய்பவரை. அவர் கேரளத்திலிருந்து வந்தவராகவும் இருக்கலாம். எதை அறிய விரும்புகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு பிறகு படத்தைத் திறக்க வேண்டும். பலரும் படத்தைத் திறந்துவிட்டுப் பிறகு கேள்வியைத் தேடுகிறார்கள்.

மூன்றாவது, மொழி. மூன்று எழுத்துக்களில் வாழும் ஊர் நம்முடையது. வீட்டுச் சமையல் குறிப்பைத் தமிழிலோ தெலுங்கிலோ தேடும் பெண், தேர்வின் பெயரை ஆங்கில எழுத்தில்தான் தட்டுவாள். இவ்வகையில் நமக்கு வேலை மிச்சம். ஆனால் அவள் அம்மா, 'ஜெர்மனியில் பெண்கள் தனியாக இருக்கலாமா' என்று தமிழில் செல்பேசியிடம் வாய்விட்டுக் கேட்பாரே, அதை எந்தச் சொற்பட்டியல் பிடிக்கும்? புறப்பாட்டை முடிவு செய்வதில் அந்தக் கேள்விக்குத் தேர்வைவிடப் பங்கு அதிகம் என்பது என் எண்ணம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கடிகாரம்

இப்பாடத்தில் நான் முக்கியமாகக் கருதும் பகுதி இது. தேடலுக்கும் புறப்பாட்டுக்கும் நடுவே எவ்வளவு காலம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. அதை மறந்து எல்லாச் சொற்களையும் ஒரே கூடையில் கொட்டினால் கணிப்பு குப்பையாகும்.

வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். சான்றிதழ்களை 'டேட்டாஃப்ளோ' என்ற நிறுவனம் சரிபார்க்க வேண்டும், 'புரோமெட்ரிக்' மையத்தில் கணிப்பொறித் தேர்வு எழுத வேண்டும். இவ்விரு சொற்களையும் தேடுகிறவர், எல்லாம் கூடிவந்தால் சில மாதங்களில் விமானம் ஏறிவிடலாம். கடிகாரம் வேகமானது.

இங்கிலாந்துக்கு ஆங்கிலத் தேர்வு, பிறகு இங்கிருந்தே எழுதும் கணிப்பொறித் தேர்வு, வேலை கிடைத்துப் போனபின் அங்கே செய்முறைத் தேர்வு. ஓராண்டு அளவில் என்று வைக்கலாம். இங்கே சொல்லே மாறிவிடும் வேடிக்கையும் உண்டு. 2017 இறுதியில் அந்நாட்டுச் செவிலியர் குழுமம், மருத்துவத் துறைக்கென்றே அமைந்த 'ஓ.ஈ.டி.' என்ற ஆங்கிலத் தேர்வையும் ஏற்றுக்கொண்டது. 2018 டிசம்பரில் ஐ.ஈ.எல்.டி.எஸ். எழுத்துத் தாளுக்கு 7 வேண்டும் என்றிருந்ததை 6.5 ஆக்கியது. அரை மதிப்பெண்தான்! அந்த அரை மதிப்பெண்ணில் மூன்று தடவை தவறிய பெண்ணைக் கேட்டால் அதன் எடை தெரியும். பழைய சொல்லை மட்டும் கண்காணித்தவருக்கு, ஓ.ஈ.டி. பக்கம் நகர்ந்தவர்கள் ஆசையைக் கைவிட்டவர்களாகத் தோன்றியிருப்பார்கள்.

ஜெர்மனியில் மொழியே வாயிற்கதவு. ஏ1 தொடங்கி பி1, பி2 என்று படியேற வேண்டும். 'ஏ1 வகுப்பு' என்று தேடுபவர் தொடக்கத்தில் நிற்கிறார், 'பி2 தேர்வுத் தேதி' என்று தேடுபவர் பெட்டி கட்டுகிறார். ஒரே நாடு, இரண்டு சொல், இரண்டு கடிகாரம். முன்கணிப்புக்கு இதைவிட நல்ல பொருள் கிடைக்காது. ஏ1 தேடல் ஏறியபின் எத்தனை மாதம் கழித்து பி2 தேடல் ஏறுகிறது என்று பார்த்தாலே, நடுவில் எவ்வளவு பேர் நின்றுவிட்டார்கள் என்றும் ஊகிக்கலாம்.

அமெரிக்கா எல்லாவற்றுக்கும் மேல். படிப்பு மதிப்பீடு, என்கிளெக்ஸ், ஆங்கிலம் எல்லாம் தேறினாலும், நிரந்தரக் குடியுரிமை விசாவுக்கு இந்தியாவில் பிறந்தவர் வரிசையில் நிற்க வேண்டும். செவிலியர் வரும் அந்தப் பிரிவில், 2025இல்கூட 2013ஆம் ஆண்டளவில் இடம்பிடித்தவர்களின் முறையே வந்துகொண்டிருந்தது. இன்று என்கிளெக்ஸ் தேடல் உயர்ந்தது என்று பார்த்து, 'அடுத்த ஆண்டு அமெரிக்காவுக்கு இத்தனை பேர் போவார்கள்' என்று சொன்னால் பத்தாண்டுக்கு மேல் பிழைக்கும். தேர்வில் தேறிய சான்றை வைத்துக்கொண்டு அவர் வேறு நாட்டுக்குப் போகலாம். மணமாகி, பிள்ளை பெற்று, இங்கேயே தங்கியும் விடலாம்.

கடிகாரம் ஓடினாலும் கதவு மூடியிருந்தால்? இங்கிலாந்தின் செவிலியர் பதிவேட்டில் வெளிநாட்டில் பயின்று புதிதாகச் சேர்ந்தோர் எண்ணிக்கை, 2024-25 நிதியாண்டில் அதற்கு முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அங்கே வேலையிடங்கள் சுருங்கின, விசா விதிகள் இறுகின. இங்கே படித்துக்கொண்டிருந்தவர்களோ படித்துக்கொண்டுதான் இருந்தார்கள். தேடல் ஆசையை அளக்கிறது. கதவின் அகலத்தை அளப்பதற்கு வேறு தாள்களைப் படிக்க வேண்டும்.

கதவு பற்றிப் பேசும்போது நம் மாநிலத்துக்கே உரிய ஒரு பழைய செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. வளரும் நாடுகளின் மருத்துவப் பணியாளரை அள்ளிக்கொண்டு போகக் கூடாது என்று இங்கிலாந்து 2001இல் ஒரு நடத்தை விதி செய்து, 2004இல் திருத்தியது. அதன்படி ஆள் எடுக்கக் கூடாத இடங்களின் பட்டியலில் இந்தியா முழுவதும் இல்லை. அந்நாட்டின் வளர்ச்சி உதவியைப் பெற்று வந்த ஆந்திரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், ஒரிசா, மேற்கு வங்கம் ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டும் இருந்தன. அதாவது, சித்தூரில் வந்து ஆள் எடுப்பது விதிமீறல். ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் உள்ள வேலூரில் எடுப்பது விதிமீறல் அல்ல! தாமாக விண்ணப்பிப்பவரை அவ்விதி தடுக்கவும் இல்லை. 2010இல் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய நடத்தை விதியை ஏற்றது. 2021இல் இங்கிலாந்து தன் விதியைத் திருத்தி அந்நிறுவனத்தின் நாடுகள் பட்டியலைப் பின்பற்றத் தொடங்கியது. அப்பட்டியலில் இந்தியா இல்லை. ஆக, நம்மூரில் தேடப்பட்ட ஒரே சொல்லுக்கு 2005இல் ஒரு பொருள், 2022இல் வேறொரு பொருள்.

தரையில் ஒரு கணக்கு

தேடற்கோட்டைத் தனியே வைத்துக்கொண்டு எண்ணிக்கை சொல்ல இயலாது. 'ஏறுகிறது', 'இறங்குகிறது' என்று மட்டும் சொல்லும். 40 என்றால் எத்தனை செவிலியர்? அதை அறிய, மெதுவாக வந்தாலும் மெய்யான ஒரு கணக்கோடு அதைக் கட்டிப்போட வேண்டும்.

அப்படி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக்குப் போக விரும்பும் செவிலியர், தம் மாநிலக் குழுமத்திடம் 'இவர் எங்களிடம் பதிந்தவர், இவர்மீது குற்றச்சாட்டு இல்லை' என்ற சரிபார்ப்புக் கடிதத்தைப் பெற்றாக வேண்டும். படித்த கல்லூரியிலிருந்தும் மதிப்பெண், பாட நேர விவரங்கள் போக வேண்டும். கென்யா நாட்டில் செவிலியர் குழுமத்துக்கு வந்த இத்தகைய விண்ணப்பங்களை எண்ணியே வெளியேற்றத்தின் அளவை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டார்கள். நம் வட்டாரக் கல்லூரி அலுவலகங்களில் இந்தக் கடிதங்களுக்கு ஒரு அனுப்புகைப் பதிவேடு இருக்குமல்லவா? மாதம் எத்தனை, எந்த நாட்டுக்கு, இவ்வளவே போதும். பெயர் வேண்டாம். ஐந்தாண்டு எண்ணிக்கையை ஒரு தாளில் வரைந்து, தேடற்கோட்டை மேலே வைத்து, மூன்று மாதம், ஆறு மாதம், பன்னிரண்டு மாதம் என்று நகர்த்திப் பார்த்தால் எந்த நகர்த்தலில் இரண்டும் ஒட்டுகின்றன என்று தெரியும். அந்த நகர்த்தலே அச்சொல்லின் கடிகாரம். பிறகு கடைசி ஓராண்டை மறைத்து வைத்துக்கொண்டு, முந்தைய நான்காண்டால் அதைக் கணித்து, திறந்து பார்க்க வேண்டும். தெரிந்த விடையோடு ஒட்டவைப்பது எவராலும் ஆகும். தெரியாத ஆண்டில் தேறுவதே தேர்வு.

ஒரு எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். மாநில அளவில் கூட்டிய கோட்டைப் பார்ப்பது வேறு, மருத்துவமனைக் கணிப்பொறியில் எந்தப் பெண் எதைத் தேடினாள் என்று துருவுவது வேறு. முன்னது கணக்கு, பின்னது வேவு. அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு, விலகும்போது பணம் கேட்கும் வழக்கத்தைப் பற்றிச் செவிலியர் புகார் சொல்லாத ஆண்டில்லை. அப்படிப்பட்ட நிர்வாகத்தின் கையில் முன்கணிப்பைக் கொடுத்தால் இன்னொரு பூட்டு வாங்கும்.

நல்ல நிர்வாகம் வேறு விதமாய்ப் பயன்படுத்தலாம். நான்கு பேர் போவார்கள் என்று ஓராண்டு முன்னமே தெரிந்தால், ஆறு புதியவர்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் பழக்கலாம். புதிதாய்ப் படிப்பு முடித்து வருபவரை வென்டிலேட்டர் பக்கத்தில் தனியே நிறுத்த மாதங்கள் ஆகும் என்று நம் அம்மையாரே சொன்னார். சம்பளத்தையும் பார்க்கலாம். 2016இல் உச்ச நீதிமன்றத்தின் உத்தரவையடுத்து அமைந்த குழு, தனியார் மருத்துவமனையில் 200 படுக்கைக்கு மேல் இருந்தால் அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம், மிகச் சிறிய மருத்துவமனையானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையாமல் என்று பரிந்துரைத்தது. அந்தத் தொகை கைக்கு வருகிறதா என்பதைத் தேடுபொறியிடம் கேட்க வேண்டியதில்லை. சம்பளப் பட்டியலைப் பார்த்தால் போதும்.

பயிற்சி

ஆர்வமுள்ள இளைஞர்களுக்கு மூன்று கணக்குகள் தருகிறேன். விடைகளைச் சங்க முகவரிக்கு எழுதுங்கள்.

1. ஆந்திரப் பிரதேசம், தமிழ்நாடு, கேரளம் மூன்றுக்கும் 2018 முதல் 'ஓ.ஈ.டி.', 'ஐ.ஈ.எல்.டி.எஸ்.' கோடுகளை எடுங்கள். எந்த மாநிலத்தில் முன்னது முதலில் ஏறத் தொடங்குகிறது? ஒரே படத்தை மூன்று வெவ்வேறு நாட்களில் எடுத்து, எண்கள் எவ்வளவு மாறுகின்றன என்றும் குறியுங்கள்.

2. 2020 மார்ச்சு முதல் தேர்வு மையங்களும் விமானங்களும் நின்றிருந்தன. அந்த மாதங்களைக் கணிப்பில் சேர்ப்பீர்களா, நீக்குவீர்களா? காரணம் எழுதுங்கள். இரண்டு விடையும் சரியாக இருக்கலாம், காரணத்துக்கே மதிப்பெண்.

3. உங்கள் தெருவிலோ உறவிலோ வெளிநாடு சென்ற செவிலியர் ஒருவரிடம், அவர் விரும்பினால் மட்டும், இதைக் கேளுங்கள்: முதன்முதலில் எந்தச் சொல்லைத் தேடினீர்கள், அது எந்த மாதம், விமானம் ஏறியது எந்த மாதம்? பெயரை எழுத வேண்டாம். இரண்டு மாதங்களும், நடுவில் ஒருமுறையாவது 'வேண்டாம், இங்கேயே இருந்துவிடுவோம்' என்று நினைத்ததுண்டா என்ற கேள்விக்கு அவர் சொன்ன விடையும் போதும்.